பட்டறை நிறைய வெங்காயம், தட்டில் வெறுஞ்சோறு

உடம்பு நலமாக இருந்தால்தான் கல்வியும் தொழிலும் வழிபாடும் செவ்வனே நடைபெறும். அவ்வுடம்பை வளர்ப்பது உணவு. எனினும் உணவைப் பற்றி எழுதுவது மருத்துவருக்கும் மனையியல் துறையினருக்கும் உரிய பணி என்று தமிழ்த்துறையினர் பலரும் ஒதுங்கிவிடுகிறோம். ஒரு சொல்லின் பொருளைத் தேடப் புகுந்து, அது ஓர் அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்திய வரலாற்றை இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

மொழிபெயர்ப்பியல் வகுப்பில் ஒருநாள், நபிமொழி ஒன்றின் ஆங்கில வடிவத்தைத் தமிழாக்கம் செய்யுமாறு மாணவர்களிடம் கூறியிருந்தேன். பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு 'லீக்' என்றொரு பெயரும் அதில் வந்தது. "ஐயா, பூண்டும் தெரியும், வெங்காயமும் தெரியும். இந்த லீக் என்பது யாது?" என்று ஒரு மாணவி வினவினார். அகராதியைப் புரட்டி, 'வெங்காய இனத்தைச் சேர்ந்த ஒருவகைத் தாள்' என்று விடை கூறினேன். அம்மாணவி புன்னகையுடன், "எங்கள் வீட்டுப் பட்டறையில் வெங்காயம் மலையாகக் கிடக்கிறது, அதற்கு இப்படியும் ஓர் உறவினர் உண்டா?" என்றார். அவருடைய தந்தையார் பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் உழவர்.

இரண்டு திங்கள் கழித்து, கல்லூரியில் இரத்தப் பரிசோதனை முகாம் நடைபெற்றது. அம்மாணவியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 100 மில்லிக்கு 8.5 கிராம் மட்டுமே இருந்தது. பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. "காலையில் என்ன உண்கிறாய், அம்மா?" என்று கேட்டேன். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் என்றார். மதியம்? சோறும் இரசமும். இரவில்? மீதமிருக்கும் அதே சோறு. பட்டறை நிறைய வெங்காயம் இருக்கும் வீட்டுப் பெண்ணின் தட்டில் வெறுஞ்சோறு மட்டும் இருந்த முரண்பாடு என்னை உறுத்தியது. இக்கட்டுரைக்கு வித்து அதுவே.

குர்ராஸ் என்னும் தாள்

லீக் என ஆங்கிலத்தில் வழங்கும் தாவரத்தின் இனத்தை அரபு மொழி 'குர்ராஸ்' என்கிறது. வளைகுடா நாடுகளின் பேச்சு வழக்கில் அது 'குர்ராத்' எனவும் ஒலிக்கும். நம் இலப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் பொருள் தேடி வளைகுடா சென்று திரும்பியவர்களைக் கேட்டால், கட்டுக் கட்டாக அடுக்கப்பட்ட அப்பசுந்தாளைச் சந்தையில் கண்டதாகக் கூறுவர். அரபு மக்கள் அதனைச் சோற்றோடும் மீனோடும் பச்சையாகவே உண்பர். அரபு நாட்டுக் குர்ராத் குறுகிய இலைகளை உடையது. கீரையைப் போல அறுக்க அறுக்கத் துளிர்ப்பது. ஐரோப்பிய லீக் அகன்ற தட்டை இலைகளையும், மண் அணைத்து வெளுக்கச் செய்த தடித்த வெண்ணிறத் தண்டினையும் உடையது. இரண்டிலும் வெங்காயத்தைப் போலத் திரண்ட குமிழ் இராது. தாளே உணவாகும்.

இத்தாவரம் மிகத் தொன்மையானது. எகிப்தை நீங்கிய இஸ்ரவேலர் பாலைவெளியில் தாம் முன்பு உண்ட உணவுகளை எண்ணி ஏங்கியபோது, வெங்காயத்தோடும் பூண்டோடும் இதனையும் நினைவுகூர்ந்ததாக விவிலியத்தின் எண்ணாகமம் குறிப்பிடும். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 61ஆம் வசனத்திலும் அம்மக்கள் வேண்டிய பொருள்களுள் வெங்காயம் இடம்பெற்றுள்ளது.

தமிழ் பேசும் நிலப்பரப்பில் லீக்ஸ் அன்றாட உணவாக விளங்குவது இலங்கையில்தான். நுவரெலியாவின் குளிர்ந்த மலைத்தோட்டங்களில் விளையும் லீக்ஸ் அந்நாட்டுச் சந்தைகள் எங்கும் கிடைக்கும். மலையகத் தமிழரும் அங்குள்ள முஸ்லிம்களும் சிங்களவரும் அதனைப் பருப்போடும் உருளைக்கிழங்கோடும் சேர்த்துக் கறியாக்கி உண்கின்றனர். தமிழ்நாட்டில் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் சிறிதளவே பயிராகிறது. குளிர்ந்த காலநிலையையும் நீண்ட பயிர்க்காலத்தையும் வேண்டும் அத்தாவரம், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வெப்பத்துக்கு ஒத்துவராது. ஆனால் அதன் உடன்பிறப்பாகிய சின்ன வெங்காயம் நம் மண்ணிலேயே விளைகிறது. ஆகவே குர்ராஸைப் பற்றி நூல்கள் கூறும் நன்மைகளுள் பெரும்பாலானவற்றை நம் வீட்டு வெங்காயத்திலும் அதன் தாளிலும் நாம் பெறலாம்.

உண்ணும் நெறி

பூண்டு, வெங்காயம், குர்ராஸ் ஆகியவற்றை உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்றும், மனிதர்க்குத் துன்பம் தருவது வானவர்க்கும் துன்பம் தரும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இதனைக் கொண்டு இவ்வுணவுகளே விலக்கப்பட்டவை எனக் கருதுவோரும் உளர். அது பொருந்தாது. தம்மிடம் கொண்டுவரப்பட்ட காய்கறிகளின் மணத்தைக் கண்டு தாம் உண்ணாமல் தவிர்த்த நபியவர்கள், தம் தோழரை உண்ணுமாறு பணித்த செய்தியும் அத்தொகுப்புகளிலேயே உள்ளது. விலக்கப்பட்டது உணவன்று, பிறர்க்கு இடர்தரும் நெடியே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் சொற்பொழிவொன்றில், இவற்றை உண்ண விரும்புவோர் நன்கு சமைத்து அவற்றின் காரத்தை மாய்த்துவிட்டு உண்ணட்டும் என வழிகாட்டினார்கள்.

இவ்வறிவுரையின் நுட்பத்தை இன்றைய வேதியியல் விளக்குகிறது. வெங்காயம் முழுமையாக இருக்கும்வரை அதற்கு நெடி மிகுதியாக இல்லை. கத்தி பட்டுத் திசுக்கள் சிதையும்போது, உள்ளே தனித்தனியே இருந்த கந்தகச் சேர்மங்களும் நொதிகளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அதனால் எழும் ஆவியே கண்ணீரை வரவழைக்கிறது. மூச்சிலும் நெடியாகத் தங்குகிறது. சூடேறும்போது நொதிகள் செயலிழக்கின்றன. காரச் சேர்மங்கள் ஆவியாகவும் இனிய சுவைப் பொருள்களாகவும் மாறுகின்றன. வதக்கிய வெங்காயம் இனிப்பதற்குக் காரணம் இதுவே. எனவே சமைத்துண்டல் என்பது ஒரே வேளையில் பிறர்க்குச் செய்யும் மரியாதையாகவும் நாவுக்குச் செய்யும் உபகாரமாகவும் அமைகிறது.

நம் மண்ணின் உள்ளி

'உள்ளி' என்பது வெங்காயம், பூண்டு ஆகியவற்றைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இலங்கைத் தமிழரிடையே இன்றும் அது பூண்டைக் குறிக்கும். கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகிய ஐந்தினையும் சேர்த்து 'ஐங்காயம்' என்பர். காயம் என்பது இங்குக் காரமும் மணமும் உடைய பொருளைச் சுட்டும். 'வெம்மை' என்னும் பண்பு முன்னே சேர, வெங்காயம் எனப் பெயர் பெற்றது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம்.

பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறினும் மக்களின் வாழ்வு ஒன்றோடொன்று பின்னியதே. அரியலூர்ப் பக்கம் முந்திரியும் சுண்ணாம்புக்கல்லும் பெயர் பெற்றவை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியன பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்னணியில் நிற்கிறது. செட்டிகுளத்து வெங்காயத்துக்குச் சந்தைகளில் தனி மதிப்புண்டு.

சின்ன வெங்காயம் பெரும்பாலும் விதையால் அன்றி, எடுத்துவைத்த காய்களை ஊன்றியே பயிரிடப்படுகிறது. ஊன்றிய ஒரு காய் பல காய்களாகப் பெருகும். ஏறத்தாழ 70 நாள்களில் தாள் சாய்ந்து வாடியதும் அறுவடை. விற்பனைக்கும் அடுத்த பட்ட விதைக்கும் காயைக் காத்துவைக்க உழவர்கள் அமைப்பதே பட்டறை. தரையிலிருந்து சற்று உயர்த்தித் தளம் அமைத்து, பக்கங்களில் காற்றுப் புகும்படி படல் கட்டி, மேலே ஓலை வேய்ந்து வெங்காயத்தைக் குவித்துவைப்பர். ஈரம் படாமலும் காற்றோட்டம் தடைபடாமலும் இருந்தால் காய் சில திங்கள் கெடாது. இல்லையேல் முளைவிடும், அழுகும்.

விலையோ நிலையற்றது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் சின்ன வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வேறு சில காலங்களில் அறுவடைக் கூலிக்கும் கட்டாத விலைக்குச் சரிந்தது. 2019 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் நடுவண் அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, வெளிநாட்டுத் தமிழரை நம்பிப் பயிரிட்ட சின்ன வெங்காய உழவர்களும் பாதிக்கப்பட்டனர். விலை ஏறினால், விற்றால் பணமாகுமே என்று வீட்டுக்கு எடுப்பதில்லை. விலை இறங்கினால், மனம் வெறுத்துக் குப்பையில் கொட்டுகிறார்கள். இரு நிலையிலும் வீட்டு அடுப்புக்கு வெங்காயம் முழுமையாக வந்து சேர்வதில்லை. வந்தாலும் தாளிப்பில் நான்கு காய் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. வெங்காயத்தைச் சுவைக்குரிய துணைப்பொருளாக மட்டும் கருதி, உணவாகக் கருதாமையே நம் குறை.

கூழும் உள்ளியும்

2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையிலான பெண்களுள் 53 விழுக்காட்டினருக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இது நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவியருள் இருவருள் ஒருவர் என்னும் கணக்கு. சோர்வு, தலைசுற்றல், படித்தது மனத்தில் நில்லாமை ஆகியவற்றைச் சோம்பல் என்று நாம் கடிந்துகொள்கிறோம். அவற்றுட் பல, இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களாக இருக்கக்கூடும்.

வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. தீட்டிய அரிசி 100 கிராமில் இருப்பது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராமும், பாசிப்பருப்பில் ஏறத்தாழ 4 மில்லிகிராமும் உள்ளன. ஆனால் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு அப்படியே உடம்பில் சேர்வதில்லை. அவற்றிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. உண்டவற்றுள் சிறு பகுதியே குடலில் உட்கொள்ளப்படுகிறது.

இங்குதான் உள்ளியின் சிறப்பு வெளிப்படுகிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், தானியங்களோடும் பருப்புகளோடும் வெங்காயத்தையோ பூண்டையோ சேர்க்கும்போது, அவற்றிலுள்ள இரும்பும் துத்தநாகமும் உடம்பு ஏற்கத்தக்க நிலையில் மிகுதியாக விடுபடுவதைக் கண்டறிந்தனர். பச்சையாகச் சேர்த்தபோதும் சமைத்துச் சேர்த்தபோதும் இப்பயன் காணப்பட்டது. இது செரிமானத்தை ஆய்வுக்கூடத்தில் போலச்செய்து கண்ட முடிவே என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் அது சுட்டும் திசை தெளிவானது.

இச்செய்தியைப் படித்தபோது என் பாட்டனார் காலத்து உழவர்கள் என் கண்முன் வந்தனர். கம்பும் சோளமும் வரகும் நம் மானாவாரி நிலங்களின் பழைய பயிர்கள். முதல்நாள் காய்ச்சிய கம்பங்கூழை மறுநாள் காலையில் கரைத்து, கையளவு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஏர் ஓட்டச் செல்வர். இரவு முழுவதும் புளித்தலால் ஃபைட்டேட் குறைகிறது. வெங்காயம் சேர்தலால் இரும்பு விடுபடுகிறது. ஆய்வுக்கூடம் காணாத அம்மக்கள் அனுபவத்தால் கண்ட இணைப்பு அது. இன்று கம்பு விளைந்த நிலங்களில் மக்காச்சோளம் விளைகிறது. அதன் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது. கூழ் குடிப்பது வறுமையின் அடையாளம் என்ற எண்ணத்தால் நாமும் அதனைக் கைவிட்டு, தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் மாறினோம். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பு உட்கொள்ளப்படுவதைத் தடுக்கும் என்பதையும் இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

உரிக்க உரிக்க ஒன்றுமில்லையா?

'உரிக்க உரிக்க ஒன்றுமில்லை' என்று வெங்காயத்தை இழித்துரைப்பது நம் பேச்சு வழக்கு. உணவியலார் கருத்து இதற்கு மாறானது. குவெர்செட்டின் என்னும் நலம் பயக்கும் பொருள் உள்மையத்தைவிடப் புறத்தேயுள்ள அடுக்குகளில்தான் மிகுதி. எனவே காய்ந்த தோலை மட்டும் நீக்கி, சதைப்பற்றுள்ள முதலடுக்கைக் காத்தல் வேண்டும். வெங்காயத்தை நீரில் வேகவைத்தால் இப்பொருளின் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும். ஆதலின் அந்நீரைக் கொட்டாமல் குழம்பிலோ கஞ்சியிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சின்ன வெங்காயம் 100 கிராமில் ஏறத்தாழ 60 கலோரி ஆற்றலும், 2 கிராமுக்குச் சற்றுக் குறைந்த புரதமும், 1 மில்லிகிராம் அளவில் இரும்பும் உள்ளன. வெங்காயத்திலும் லீக்கிலும் உள்ள ஃப்ரக்டான் என்னும் நார்ப்பொருள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. பச்சைத் தாளில் வேறு சில நன்மைகளும் உண்டு. லீக்கிலும் வெங்காயத்தாளிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் ஃபோலேட் உள்ளது. இரத்த அணுக்கள் உருவாக இன்றியமையாத உயிர்ச்சத்து இது. வைட்டமின் கே, லீக்கில் ஏறத்தாழ 47 மைக்ரோகிராமும் வெங்காயத்தாளில் 200 மைக்ரோகிராமை ஒட்டியும் உள்ளது. ஆகவே லீக் கிடைக்கவில்லையே என நாம் வருந்த வேண்டியதில்லை.

வெங்காயத்தாளை விலைகொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்பதுமில்லை. பட்டறையில் முளைவிட்ட காயையும், வணிகர் கழித்துவிடும் பொடி வெங்காயத்தையும் ஒரு பழைய சட்டியிலோ சாக்கிலோ மண் நிரப்பி ஊன்றினால், சில வாரங்களில் தாள் தயார். அடியில் இரண்டு விரல் அளவு விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். மாடியில் வாழும் குடும்பத்துக்கும் விடுதி மாணவருக்கும் இது கைகூடும்.

மூன்று உணவுகள்

*கம்பங்கூழும் வெங்காயத் துவையலும்:* நால்வருக்கு 200 கிராம் கம்பைக் கழுவி, சில மணி நேரம் ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்துக்கொள்க. அளவில் ஆறு பங்கு நீரைக் கொதிக்கவிட்டு, அரைத்ததைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறிச் சிறுதீயில் அரைமணி நேரம் வேகவிடுக. இரவு முழுவதும் மூடிவைத்து, காலையில் உப்பும் நீரும் சிறிது மோரும் சேர்த்துக் கரைக்கவும். உடன் உண்ண ஆளுக்கு ஆறேழு சின்ன வெங்காயமும் ஒரு துண்டு நெல்லிக்காயும் போதும். நெல்லிக்காயிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேர்வதற்குத் துணைசெய்யும். வகுப்புக்கோ தொழுகைக்கோ செல்வோர் பச்சை வெங்காயத்தைத் தவிர்த்து, இரண்டு கைப்பிடி வெங்காயத்தை மிளகாய் வற்றலோடும் சிறிது புளியோடும் நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி அரைத்த துவையலைத் தொட்டுக்கொள்ளலாம்.

*வெங்காயத்தாள் பருப்புக் கூட்டு:* நால்வருக்கு 100 கிராம் பாசிப்பருப்பை மஞ்சள்தூளும் நான்கு பூண்டுப் பல்லும் சேர்த்துக் குழையாமல் வேகவைக்கவும். 200 கிராம் வெங்காயத்தாளைக் கழுவி, அடியிலுள்ள வெண்பகுதியைத் தனியாகவும் பசும்பகுதியைத் தனியாகவும் நறுக்குக. எண்ணெயில் கடுகு, சீரகம், பச்சை மிளகாய் தாளித்து, பத்துச் சின்ன வெங்காயத்தையும் வெண்பகுதியையும் முதலில் வதக்கவேண்டும். அவை பளபளத்ததும் பருப்பை வேகவைத்த நீருடன் சேர்த்து உப்பிட்டு, ஒரு கொதி வந்தபின் பசுந்தாளைப் போட்டு மூன்று நிமிடத்தில் இறக்குக. பசுந்தாள் நெடுநேரம் வெந்தால் நிறமும் வைட்டமின் சி சத்தும் குன்றும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்தால் சுவையும் பயனும் கூடும். மலைப்பகுதியிலிருந்து லீக்ஸ் கிடைத்தால் இதே முறையில் சமைக்கலாம். ஆனால் அதன் அடுக்குகளுக்கிடையே மண் தங்கியிருக்கும். ஆகவே நீளவாக்கில் பிளந்து, அடுக்குகளை விரித்து, ஓடும் நீரில் கழுவிய பிறகே நறுக்குதல் வேண்டும்.

*நோன்புக் கஞ்சி:* ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்தோறும் காய்ச்சப்பெற்று, சமய வேறுபாடின்றி அண்டை வீட்டாருக்கும் தூக்குவாளிகளில் செல்லும் இக்கஞ்சியை அறியாதார் இலர். 200 கிராம் பச்சரிசிக் குறுணை, 50 கிராம் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஆகியவற்றைக் கழுவி வைக்கவும். எண்ணெயில் பட்டை, கிராம்பு தாளித்து, 100 கிராம் சின்ன வெங்காயத்தை வதக்கி, இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, புதினா, மல்லித்தழை சேர்க்கவும். நீர் தாராளமாக ஊற்றி, கொதித்ததும் அரிசியும் பருப்பும் வெந்தயமும் இட்டு நன்கு குழைய விடுக. இறுதியில் தேங்காய்ப்பால் சேர்த்து இறக்கலாம். பகலெல்லாம் பசித்த வயிற்றுக்கு எளிதில் செரிக்கக்கூடியதும், தானியம், பருப்பு, உள்ளி மூன்றும் சேர்ந்ததுமான இவ்வுணவை ஆண்டில் ஒரு மாதத்தோடு நிறுத்திவிட வேண்டுமா? அரிசியில் பாதிக்கு வரகோ கம்பு நொய்யோ சேர்த்து மற்ற மாதங்களிலும் காலையுணவாக்கினால், கல்லூரி விடுதிக்கும் இல்லத்துக்கும் மிகப் பொருத்தமாக அமையும்.

சில எச்சரிக்கைகள்

வெங்காயம் இரத்தசோகைக்கு மருந்து என்று யாரும் பிழையாகக் கொள்ளவேண்டாம். இரும்பைத் தருவன கம்பும் பருப்பும் கீரையும் மீனும் இறைச்சியுமே. உள்ளி அவற்றுக்குத் துணைநின்று உதவுகிறது. ஹீமோகுளோபின் மிகக் குறைந்தவர்கள் மருத்துவரை அணுகி, அவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ள வேண்டும். உணவு உண்டவுடன் தேநீர் பருகுவதைத் தவிர்த்து, குறைந்தது ஒருமணி நேரம் இடைவெளி விடுவது நன்று. சிலருக்கு வெங்காய இனம் வயிற்றுப் பொருமலைத் தரும். அவர்கள் அளவைக் குறைத்துக்கொள்க. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உண்போர், வைட்டமின் கே மிகுந்த பசுந்தாளைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், மருத்துவரின் கருத்தைக் கேட்டு நடத்தல் வேண்டும்.

நிறைவாக

முன்னர்க் கூறிய மாணவியின் இல்லத்தில், தந்தையாரும் தாயாரும் இச்செய்திகளைப் பொறுமையுடன் கேட்டனர். "வெங்காயத்தை விற்கத் தெரியும், வீட்டுப் பிள்ளைக்கு ஆக்கிப்போட நேரமில்லை ஐயா. விடிவதற்கு முன் காட்டுக்குப் போகிறவள் நான்" என்று அத்தாயார் கூறியது என்னைச் சிந்திக்க வைத்தது. உணவுக் குறைவுக்கு அறியாமை மட்டும் காரணமன்று, ஓய்வின்மையும் காரணம். இரவே காய்ச்சி வைக்கத்தக்க கூழையும், ஒருமுறை வதக்கினால் இரண்டு நாள் தாங்கும் துவையலையும் நான் முதலில் கூறியதற்கு அதுவே காரணம். அடுக்களைப் பணியை அன்னையர்மேல் மட்டும் சுமத்தாமல், ஆண்மக்களும் வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கு வலியுறுத்துகிறேன். அன்று மாலையே அவ்வீட்டுத் தம்பி உரிக்கத் தொடங்கினார். கண்ணீர் சிந்தினார், ஆயினும் கைவிடவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த மாத்திரையும், வீட்டில் மாறிய உணவும் சேர, நான்கு திங்களில் அம்மாணவியின் ஹீமோகுளோபின் 10.8 கிராமாக உயர்ந்தது. இன்னும் 12ஐ எட்டவில்லை. எனினும் பிற்பகல் வகுப்புகளில் மேசையில் தலைசாய்த்துக் கிடந்தவர், இப்போது வினாக்கள் தொடுக்கிறார். அண்மையில் அவர் சமர்ப்பித்த மொழிபெயர்ப்பில் 'லீக்' என்னும் சொல்லுக்கு 'உள்ளித்தாள்' என்று எழுதி, அடியில் விளக்கமும் தந்திருந்தார். அகராதியில் நான் கண்ட விடையைவிட அது சிறந்ததாகவே எனக்குப் பட்டது.

பெற்றோர்களே, ஜமாஅத்துப் பெரியோர்களே, விடுதிப் பொறுப்பாளர்களே! நம் மாவட்டத்து வெங்காயம் தொலைதூர நகரங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் செல்லட்டும். உழவர் கையில் பொருள் சேரட்டும். அதற்குமுன் ஒரு கூடை வெங்காயம் நம் பிள்ளைகளின் தட்டுக்கு வந்து சேரட்டும். பட்டறையில் இருக்கும் நலம் பந்தியிலும் பரவ வல்ல இறைவன் அருள்புரிவானாக!